பட்டன் தேயாத டயர்

பழைய கார் வைத்திருப்பவரிடம் டயரைப் பற்றிக் கேளுங்கள். 'பட்டன் அப்படியே இருக்கு சார்' என்பார். தரையைத் தொடும் மேல்தோலில் மேடும் பள்ளமுமாக இருக்கும் வரிக்கட்டைகளைத்தான் பட்டன் என்கிறார். இருக்கத்தான் செய்யும். கல்யாணம், கண்காட்சி, ஞாயிற்றுக்கிழமைக் காலை ஒரு சுற்று என்று வருஷத்துக்கு முந்நூறு நானூறு கிலோமீட்டர் ஓடுகிற வண்டியில் பட்டன் எப்படித் தேயும்? தினமும் ஆபீஸ் போய்வரும் காரில் டயருக்கு வயதாவதற்குள் பட்டன் தேய்ந்துவிடும், மாற்றிவிடுவோம். வயதைப் பற்றி யோசிக்கவே வேண்டியிருக்காது. ஷெட்டில் நிற்கும் காரில் அந்தக் கணக்கு தலைகீழ். பட்டன் புதுசாகவே இருக்கும், அதைத் தாங்கும் ரப்பர் கிழடாகியிருக்கும்.

என்னிடம் இருப்பது 1965-ஆம் வருஷத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இரண்டு கதவு. பெருங்களத்தூரில் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ், இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை 1961-லிருந்து இங்கே செய்து விற்றது. 948 சி.சி. என்ஜின், முன்பக்கமாக மொத்தமாகத் திறக்கும் பானட், சின்னச் சந்தில் கூடத் திரும்பிவிடும் ஸ்டியரிங். சென்னைக்காரர்களுக்கு இது உள்ளூர்க் கார். இதை வைத்திருக்கும் எங்கள் கூட்டத்தில் கார்புரேட்டரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். குரோமியம் பூச்சு எங்கே நன்றாகப் போடுகிறார்கள் என்று பேசுவார்கள். டயர் பேச்சு வந்தால் மட்டும் பட்டனோடு முடிந்துவிடும்.

டயரின் வயது அதன் மேலேயே எழுதியிருக்கிறது. பக்கச் சுவரில் 'டி.ஓ.டி.' என்று தொடங்கும் ஒரு நீளமான எழுத்து வரிசை இருக்கும். அதன் கடைசியில், பெரும்பாலும் ஒரு நீள்வட்டத்துக்குள், நாலு இலக்கம். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். 3421 என்றால் 2021-ஆம் ஆண்டின் 34-ஆவது வாரம், அதாவது ஆகஸ்ட் கடைசி. இந்த நாலு இலக்கம் பல டயர்களில் ஒரு பக்கம்தான் இருக்கும், அந்தப் பக்கம் உள்பக்கமாக மாட்டப்பட்டிருக்கும் என்பது எழுதாத விதி. காருக்கு அடியில் படுத்து, செல்போன் டார்ச்சை அடித்தாலும் கறுப்பில் கறுப்பு தெரியாது. அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, சாக்பீஸைப் படுக்கவைத்து மேலே தேயுங்கள். மேடாக இருக்கும் எண்ணில் மட்டும் வெள்ளை ஒட்டிக்கொண்டு பளிச்சென்று படிக்க வரும். ஸ்டெப்னியையும் விட்டுவிடாதீர்கள். ஐந்தில் பெரிய கிழவன் பெரும்பாலும் டிக்கிக்குள்தான் இருப்பான்.

சில கார்களில் நாலு இலக்கம் இருக்காது, மூன்றுதான் இருக்கும். அந்த டயர் 2000-க்கு முன்னால் செய்தது. அதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டாம். காரை ஓட்டாமல், வேறு வண்டியில் போய் டயர் வாங்கி வாருங்கள்.

டயர் ரப்பருக்கு இரண்டு பக்கமும் எதிரி. வெளியே ஓசோன், உள்ளே ஆக்சிஜன். காற்றில் மிகக் கொஞ்சமாக இருக்கும் ஓசோன், இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரின் பிணைப்புகளை வெட்டுகிறது. பக்கச் சுவரில் மயிரிழைபோல் தெரியும் வெடிப்புகள் இதனால் வருபவை. இதைத் தடுக்கத்தான் டயர் செய்யும்போதே மெழுகையும் சில ரசாயனங்களையும் ரப்பரோடு கலக்கிறார்கள். டயர் உருண்டு, நெளிந்து, சூடாகும்போது இவை உள்ளிருந்து மேற்பரப்புக்கு வந்துகொண்டே இருக்கும். நிறுத்திவைத்த டயரில் அந்த வரத்து மந்தமாகிவிடும். டயரின் பக்கவாட்டில் சில சமயம் செம்பழுப்பாக ஒரு படிவம் தெரியுமே, அது பெரும்பாலும் அந்தக் காப்பு ரசாயனம்தான். நாம் அதை அழுக்கு என்று நினைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, மேலே பெட்ரோலிய பாலிஷ் பூசிப் பளபளப்பாக்குகிறோம். கண்காட்சிக்கு முந்தின நாள் நடக்கும் இந்தக் கூத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. டயருக்குள் அடைத்த காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அழுத்தத்தில் இருக்கும் அந்த ஆக்சிஜன் உள்பக்க ரப்பரைத் துளித்துளியாகக் கடந்து, இன்றைய கார்களில் வரும் ரேடியல் டயரில், பட்டனுக்கு அடியில் சுற்றியிருக்கும் ஸ்டீல் பெல்ட்டுகளுக்கு நடுவே இருக்கும் ரப்பரைப் போய்ச் சேர்கிறது. அங்கே ரப்பர் மெல்ல இறுகி, இழுவைத்தன்மை போய், மொறுமொறுப்பாகிறது. பழைய ரப்பர் பேண்டை இழுத்தால் நீளாமல் பட்டென்று அறுகிறதே, அதே கதை. நெடுஞ்சாலை வேகத்தில் அந்த இடம் சூடேறி, பெல்ட்டும் மேல்தோலும் பிரிந்து பறக்கும். வெளியே ஒரு வெடிப்பும் இல்லாமலேகூட இது நடக்கும். வெடிப்பு இருந்தால் டயர் கெட்டது என்பது சரி. வெடிப்பு இல்லை, அதனால் நல்லது என்பது அதிலிருந்து வராது.

வெயில் இதை வேகப்படுத்துகிறது. சூடு பத்து டிகிரி கூடினால் ரசாயன வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று வேதியியல் வகுப்பில் படித்தது இங்கே நேராகப் பொருந்தும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகமான என்.எச்.டி.எஸ்.ஏ. வெளியிட்ட ஒரு கணக்கு என் மண்டையில் ஒட்டிக்கொண்டது. 2002 முதல் 2006 வரை ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்துக்கு வந்த டயர் சம்பந்தமான இழப்பீட்டுக் கோரிக்கைகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். டெக்சாஸ், கலிஃபோர்னியா, லூசியானா, ஃபுளோரிடா, அரிசோனா ஆகிய ஐந்து வெயில் மாநிலங்களில் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் 27 சதவீதம்தான். டயர் கோரிக்கைகளில் அந்த மாநிலங்களின் பங்கோ 77 சதவீதம். அந்தக் கோரிக்கைகளில் 84 சதவீதம், ஆறு வருஷத்தைத் தாண்டிய டயர்கள்! அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் ஓடிய டயர்களைக் கழற்றி ஆராய்ந்தபோது, தரையையே தொடாத ஸ்டெப்னிகளும் வயதானதைப் பார்த்தார்கள்.

சென்னை மே மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கார் ஷெட் மதியம் இரண்டு மணிக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பட்டன் நன்றாக இருந்தும் டயர் கொன்ற கதைக்கு இங்கிலாந்தில் ஓர் உதாரணம் உண்டு. 2012 செப்டம்பரில், ஐல் ஆஃப் வைட் தீவில் நடந்த இசை விழா முடிந்து லிவர்பூலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பஸ், சரே மாவட்டத்தில் ஹைண்ட்ஹெட் அருகே முன் டயர் வெடித்து மரத்தில் மோதியது. ஓட்டுநரோடு சேர்த்து மூன்று பேர் இறந்தார்கள். அந்த முன் டயருக்கு வயது பத்தொன்பதரை. அப்போதைய சட்டத்தில் டயரின் வயதுக்குத் தடை எதுவும் இல்லை. மகனை இழந்த ஒரு தாய் வருஷக்கணக்கில் போராடியதன் பலனாக, 2021 பிப்ரவரி 1 முதல், லாரி, பஸ்களின் முன் அச்சில் பத்து வருஷத்தைத் தாண்டிய டயர் போடுவது பிரிட்டனில் குற்றம் என்று ஆனது. வேடிக்கை என்னவென்றால், வாடகைக்கு ஓடாத, 40 வருஷத்துக்கு மேற்பட்ட பழைய வண்டிகளுக்கு அதில் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். ஆபீசர் கொடுத்த விலக்கு ஆக்சிஜனுக்குத் தெரியாது.

இன்னொன்று எல்லாருக்கும் தெரிந்தது. 2013 நவம்பர் 30-ஆம் தேதி கலிஃபோர்னியாவில் நடிகர் பால் வாக்கர் இறந்த விபத்து. அவர் உட்கார்ந்திருந்த போர்ஷே கரேரா ஜிடி, 45 மைல் வேக எல்லை உள்ள சாலையில் 80-லிருந்து 93 மைல் வேகத்தில் போயிருக்கிறது. முதல் காரணம் வேகம்தான் என்று போலீஸ் அறிக்கை சொன்னது. அதோடு, டயர்களுக்கு ஒன்பது வயது ஆகியிருந்ததையும் அது குறிப்பிட்டது. அதிகம் ஓடாத அபூர்வமான கார். பழசாகும்போது ரப்பர் இறுகும், இறுகினால் பிடி போகும். டயர் வெடிப்பது கடைசிக் கட்டம். அதற்கு வெகு முன்னாலேயே, ஈரச் சாலையில் பிரேக் அடிக்கும்போது நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் வண்டி நிற்கும். பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். எல்லாம் இல்லாத காரில் பிடி என்று இருப்பதே அந்த நாலு உள்ளங்கை அகல ரப்பர்தான்.

சரி, எப்போது மாற்றுவது? பல கார் கம்பெனிகள் ஆறு வருஷம் என்கின்றன. மிஷலின் போன்ற டயர் கம்பெனிகள், ஐந்து வருஷத்துக்குப் பிறகு வருஷம் ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டுங்கள், பத்து வருஷம் ஆனால் ஸ்டெப்னி உட்பட கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள் என்கின்றன. இரண்டிலும் எண்ணிக்கை தொடங்குவது டயர் செய்த நாளிலிருந்து. நாம் வாங்கிய நாளிலிருந்து எண்ணக்கூடாது. இந்தப் பத்து என்பது ஐரோப்பாவையும் சேர்த்துச் சொன்ன உச்ச வரம்பு. மதுரை, வேலூர், சென்னை மாதிரி ஊர்களில் அதை இலக்காக வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. என் கணக்கு இதுதான்: நெடுஞ்சாலைக்குப் போகிற பழைய காருக்கு ஏழு வருஷம். தெருமுனை தாண்டாத, முப்பது நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாத காருக்கு, வருஷா வருஷம் பார்த்துக்கொண்டு பத்து வரை இழுக்கலாம். பக்கச் சுவரில் நகத்தை வைத்தால் சிக்கும் அளவுக்கு வெடிப்பு, எங்காவது புடைப்பு, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் புதிதாக வரும் அதிர்வு, இதில் ஒன்று இருந்தாலும் எந்தக் கணக்கும் செல்லாது. அன்றே கழற்ற வேண்டும்.

போன தடவை நான் மாற்றும்போது, எங்கள் பகுதிப் பஞ்சர் கடை அண்ணனுக்கு இது பிடிக்கவே இல்லை. ரேடியல் வந்த காலத்திலிருந்து டயரோடு வாழ்கிறவர்.

"இதுல பட்டன் முக்கால்வாசி இருக்கு சார். இதைப் போய்த் தூக்கிப் போடுவாங்களா?"

"வருஷம் பாருங்கண்ணே, எட்டு முடிஞ்சிருச்சு."

"அட, லாரிக்காரன் இதுலயே ரீட்ரேடு போட்டு இன்னொரு ரவுண்டு ஓட்டுவான் சார்."

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. லாரி டயர் மூன்றாம் வருஷமே ரீட்ரேடுக்கு, அதாவது தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டன் ஒட்டுவதற்கு, வந்துவிடும். அதன் கேசிங், அதாவது பட்டனுக்கு அடியில் இருக்கும் டயரின் உடல், இளசாக இருக்கும். நான் டயரைக் கழற்றியபின் பட்டன் நடுவிலிருக்கும் பள்ளத்தை இரண்டு கட்டை விரலாலும் விரித்துக் காட்டினேன். பள்ளத்தின் அடியில், சுற்றளவு முழுவதும், நூல் நூலாக வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் கண்ணில் படாது. அண்ணன் ஒரு நிமிஷம் பார்த்தார். பக்கத்தில் கிடந்த புது டயரின் ரப்பரில் நகத்தை அழுத்தினார், பிறகு இதில் அழுத்தினார். "கல்லு மாதிரிதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு லீவரை எடுத்தார். ஒப்புக்கொண்டார் என்று சொல்ல முடியாது. அடுத்த வாரம் அதே டயரை ஒரு மீன்பாடி வண்டிக்குக் கேட்டு யாரோ வந்தார்களாம்.

நம் ஊர் எஃப்.சி.யில் டயரைப் பார்க்கும்போது பார்ப்பது பட்டனின் ஆழத்தைத்தான். கார் டயரில் 1.6 மில்லிமீட்டரில் ஒரு மேடு வைத்திருப்பார்கள், பட்டன் அந்த மட்டத்துக்கு வந்தால் தோற்றது. ஐம்பது வருஷத்தைத் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்து, நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்று போட்டுக்கொள்ள 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். அவ்வளவு கொடுத்துப் பெருமையாகப் பிளேட் மாட்டுகிற மனுஷன், அதே காரில் 1998 டயரோடு இ.சி.ஆரில் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

ரேடியலுக்கு முந்தைய, நூலடுக்குகளைக் குறுக்கும் மறுக்குமாகப் போட்டுச் செய்யும் கிராஸ் பிளை டயரை வைத்திருப்பவர்கள் ஒரு வாதம் வைப்பார்கள்: இதில் ஸ்டீல் பெல்ட்டே கிடையாது, பிரிந்து பறக்க என்ன இருக்கிறது என்று. பெல்ட் இல்லை, உண்மை. ரப்பர் இறுகுவதும் வெடிப்பதும் பிடி போவதும் அதற்கும் பொதுதானே. அதோடு நைலான் கேசிங்குக்கு ஒரு தனிக் குணம் உண்டு. மாசக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் தரையைத் தொடும் பகுதி தட்டையாகவே படிந்துவிடும். கிளம்பும்போது தடதடவென்று வரும், கொஞ்ச தூரம் ஓடிச் சூடானதும் சரியாகிவிடும். சூடான பிறகும் தடதடப்பு போகவில்லை என்றால் அந்தப் படிவு நிரந்தரம்.

இதற்காகத்தான் நிறுத்திவைக்கும்போது காற்றை வழக்கத்தைவிட ஐந்தாறு பி.எஸ்.ஐ. கூட்டிவைப்பதும், பக்கச் சுவரில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் சுற்று நகர்த்திவைத்தாலும் போதும். ஜாக்கி ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தலாம் என்பார்கள். ஹெரால்டில் அது தலைவலி. பின்பக்கம் ஸ்விங் ஆக்சில், அதாவது நடுவிலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும் அச்சு என்பதால் சேசிஸைத் தூக்கினால் இரண்டு சக்கரமும் கீழே உள்பக்கமாக மடிந்து தொங்கும். இறக்கியபின் கொஞ்ச தூரம் உருட்டினால்தான் நேராக உட்காரும். தூக்குவதென்றால் ஆக்சிலின் வெளி முனைப் பக்கம் ஸ்டாண்ட் கொடுக்க வேண்டும். வெல்டிங் போடும் பட்டறையில் காரை மாசக்கணக்கில் விடாமல் இருப்பதும் நல்லது. அந்த நீல வெளிச்சம் பக்கத்துக் காற்றில் ஓசோனைப் பண்ணிக்கொண்டே இருக்கும்.

ஸ்விங் ஆக்சில் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பணம் போதவில்லை என்று முன்னால் மட்டும் புது ரேடியல் மாட்டி, பின்னால் பழைய கிராஸ் பிளையை விடுவது ஹெரால்டில் ஆபத்து. முன்பக்கம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் வளைவில் வழுக்கி வண்டியைச் சுழற்றிவிடும். ரேடியல் என்றால் நாலும் ரேடியல். இரண்டுதான் முடியும் என்றால் அவை பின்னால்தான் போக வேண்டும்.

இனி வாங்குகிற விஷயம். ஹெரால்டின் அசல் அளவு 5.20-13 கிராஸ் பிளை. இன்றைக்கு டயர் கடையில் அதைக் கேட்டால் உங்களை மேலும் கீழும் பார்ப்பார்கள். வெளிநாட்டில் பழைய அளவுகளைப் புதிதாகச் செய்து விற்கும் கம்பெனிகள் உண்டு. ஆனால் 2020 ஜூனிலிருந்து புது டயர் இறக்குமதிக்கு இந்தியாவில் உரிமம் வேண்டும் என்பதால் நாலு டயருக்காக அந்த வழியில் போவது மெனக்கெட்ட வேலை. நல்லவேளையாக, டிரையம்ப் காலத்திலேயே இந்தக் காருக்கு ரேடியல் மாற்றாக 145 ஆர் 13 போட்டிருக்கிறார்கள். பழைய மாருதி வேகன் ஆரின் அடிப்படை மாடலில் வந்ததும் கிட்டத்தட்ட அதே அளவு, 145/80 ஆர் 13. சுமைக் குறியீடு 75 என்றால் ஒரு டயர் 387 கிலோ தாங்கும். ஹெரால்டின் எடையே சுமார் 800 கிலோதான். ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும், அதனால் நஷ்டமில்லை.

ஆனால் கடையில் பில் போடுவதற்கு முன்னால் நாலு இலக்கத்தைப் பாருங்கள். அதிகம் விற்காத அளவு என்பதால் குடோனில் தூங்கியிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு கடையில் எனக்கு எடுத்து வந்த நாலில் இரண்டு, மூன்று வருஷத்துக்கு முந்தையவை. "புதுசுதான் சார், பேப்பர்கூடப் பிரிக்கலை" என்றார் கடைப் பையன். ஏழு வருஷக் கணக்கு வைத்திருப்பவனுக்கு அதில் மூன்று ஏற்கெனவே போய்விட்டது. ஆறு மாசத்துக்குள் செய்த டயர் வேண்டும், வரவழைத்துக் கொடுங்கள், காத்திருக்கிறேன் என்று சொன்னால் வரவழைக்கிறார்கள். பத்து நாள் ஷெட்டில் நிற்பதால் நம் காருக்கு ஒன்றும் ஆகிவிடாது.

இப்போதைய டயர் எல்லாம் டியூப்லெஸ். அறுபதுகளின் ரிம்மில், டயர் விளிம்பு நழுவாமல் பிடித்து நிறுத்தும் மேடு கிடையாது. அதனால் உள்ளே ட்யூப் போட்டாக வேண்டும், அதுவும் ரேடியலுக்கென்று வரும் ட்யூப். டயரின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கிள்ளி எடுத்துவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் அது ட்யூபை அரித்துப் பஞ்சராக்கும். பழைய ட்யூபே நன்றாகத்தானே இருக்கிறது என்று அதையே திரும்பப் போடும் பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. அதுவும் அதே வயது ரப்பர்தான், வால்வு அடியில் முதலில் விடும். கழற்றிய கையோடு ரிம்மின் துருவைத் தேய்த்து பெயின்ட் அடித்துவிட்டால் ஒரே வேலையாக முடியும்.

அசல் அழகு போய்விடுகிறதே என்று வருத்தப்படுகிறவர்களுக்கு: பழைய கிராஸ் பிளை செட் நல்ல தோற்றத்தில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். உபரி ரிம்களில் மாட்டி, உள்பக்கம் 'ஓட்டக் கூடாது' என்று வெள்ளை பெயின்டில் எழுதி வையுங்கள். மாசக்கணக்கில் நிற்கும்போது காரின் பாரத்தை அவை சுமக்கட்டும். கண்காட்சிக்கு டிரெய்லரில் போகிற காராக இருந்தால் அங்கேயும் அவையே நிற்கலாம்.

எனக்கு இப்போது இருக்கிற யோசனை வேறு. வேகன் ஆர் பெரிய டயருக்கு மாறிவிட்டது, 145/80 மெல்ல மெல்ல அரிதாகும். இப்போதே இரண்டு செட் வாங்கி அட்டத்தில் போட்டுவைக்கலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். மற்ற உதிரி பாகமென்றால் செய்யலாம், டயரை அப்படிச் சேர்த்துவைக்க முடியாது. அட்டத்திலும் அதற்கு வயதாகும். அடுத்த தடவை கிடைக்கவில்லை என்றால் 155/80 ஆர் 13-க்குத்தான் போக வேண்டியிருக்கும். அது எங்கும் கிடைக்கிறது. ஹெரால்டின் மூன்றரை அங்குல ரிம்முக்கு அது கொஞ்சம் அகலம், அதனால் நாலு அல்லது நாலரை அங்குல ரிம் தேட வேண்டும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் முன் டயர் எங்கேயாவது உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்தக் காரின் முன் சக்கரம் மற்றக் கார்களைவிட ரொம்பவே ஒடியும். ஒற்றை டயர் இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.